நீலம் வராத திரை

மாடிப்படியில் பேராச்சி ஏறி வரும் சத்தம் கேட்டதுமே அய்யாக்குட்டி வாயிலிருந்த வடையை அவசரமாக விழுங்கினான். அழுதுகொண்டு வருகிறவள் முன்னால் வடை தின்றுகொண்டிருப்பது அழகில்லை. ஆனால் இன்றைக்கு அவள் அழவில்லை. பல நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு, பாதியாவது, முகத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

"அண்ணாச்சி, ஜட்ஜய்யா ஆர்டர் போட்டுட்டாவ! நெகட்டிவ்வ லேப்ல இருந்து நேரா கோர்ட்டுக்கு அனுப்பணுமாம். முழுச் சுருளையும். ஒரு துண்டு கூட வெட்டப்படாதாம். வக்கீலு இப்பத்தான் போன்ல சொன்னாவ."

"பாத்தியா? நான் சொன்னேம்லா!" என்று நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான் அய்யாக்குட்டி. யோசனை சொன்னது லோகநாயகி, மனு எழுதியது வக்கீல். அதற்காக இவன் துள்ளக் கூடாதா என்ன?

தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் அய்யாக்குட்டி. ஆலங்குளத்தில் ஏறிய ஒரு பெரிய மனுஷரைப் பார்த்து, "தொப்பைக்குத் தனி டிக்கெட் எடுக்கணும் சார்" என்று சொல்லிவைத்தான். அவர் பஸ் முதலாளியின் சம்பந்தி என்பது அடுத்த நிறுத்தத்தில்தான் தெரிந்தது. அந்த நிறுத்தத்திலேயே வேலை போயிற்று. அதற்கப்புறம் லோகநாயகியின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். லோகநாயகி, இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து, படங்களைப் பார்த்து, எது நிஜ அடி எது சுத்தியலால் அடித்த அடி என்று சொல்லி வந்தவள். அங்கே பொய்களைப் பார்த்துச் சலித்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தென்காசியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் மாடியில் இந்த அலுவலகத்தைத் திறந்தாள். இங்கே வந்து பார்த்தால் அதே பொய்கள்தான், சம்பளம் மட்டும் கிடையாது.

"உக்காரு பேராச்சி" என்றாள் லோகநாயகி, மேசை மேலிருந்த படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேராச்சியின் வழக்கு இதுதான். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. சாரல் பெருமழையாகி, குற்றாலம் பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது. போலீஸ் விசில் அடித்துக் கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்த அதே நேரம், மேலகரத்தில் ஒரு வெள்ளைக் கார், சைக்கிளில் போன டீ மாஸ்டர் நமசிவாயத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மனுஷர் போய்ச் சேர்ந்துவிட்டார். கார், தென்காசியில் இருக்கும் ஓய்வு பெற்ற இன்ஜினியர் மகாதேவனுடையது. அதன் டிரைவர் சங்கரபாண்டி, பேரருவிப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் பேராச்சியின் புருஷன்.

பார்த்த ஒருவர், "ஸ்டியரிங் பிடிச்சிருந்தது சின்ன உருவம்" என்று சாட்சி சொன்னார். சங்கரபாண்டி நெடுநெடுவென்ற ஆள். மகாதேவனோ ஒல்லி, குள்ளம். சில நாள் கழித்துப் போலீஸ் மகாதேவனைத் தேடிக் கிளம்பியபோது சங்கரபாண்டி தானாகவே ஸ்டேஷனில் போய் நின்று, "நான்தான் ஓட்டினேன்" என்றான். முதலாளி செய்த காரியத்துக்கு டிரைவர் உள்ளே போகும் கதை போலீசுக்குப் புதிதா என்ன? நம்பவில்லை. அப்போதுதான் மகாதேவன் அந்தப் படத்தை நீட்டினார்.

படத்தில் மகாதேவன் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையில் பேரருவி நேரலை. வெள்ளம் ஆர்ச்சைத் தாண்டுகிறது. திரை மூலையில் அன்றைய தேதியும் மணியும். ஆனந்தம் தாங்காமல் டைமர் வைத்துத் தானே எடுத்துக்கொண்டாராம். "போன்ல எடுத்தா மாத்தி எடுத்தேன்னு சொல்லுவீங்க. இது பிலிம் கேமரா. நெகட்டிவ் சென்னையில லேப்ல இருக்கு. வேணும்னா வரவழைச்சுப் பாத்துக்கிடுங்க" என்றார். அத்தோடு அவர் வீட்டுக்குப் போனார், சங்கரபாண்டி பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனான்.

"அவரு ஓட்டல அக்கா" என்றாள் பேராச்சி, நூறாவது தடவையாக. "வெள்ளம் வரும்போது எங் கடைக்கு ஓடி வந்து மங்குஸ்தான் கூடையத் தலையில தூக்கி வச்சுக்கிட்டுக் கரையேறினாரு. இந்தக் கண்ணால பாத்தேன். பொண்டாட்டி சாட்சிய எவன் மதிக்கான்? ஜெயில்ல போயிக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காரு. அழுதாரு. கையில எம் பேரப் பச்சை குத்திக்கிட்டுத் திரியுத மனுசன், எங்கிட்டயே உண்மையச் சொல்ல மாட்டேங்காரு. அந்த இன்ஜினியரு என்னமோ மிரட்டி வச்சிருக்காரு."

"மிரட்டட்டும். எத்தனை நாளைக்கு?" என்றான் அய்யாக்குட்டி.

"அந்த இன்ஜினியரு வீட்டு வாசல்ல நின்னு மண்ணள்ளித் தூத்திட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. ஓட்டுன கை விளங்காமப் போகணும்னு."

அம்மாவோடு வந்திருந்த அபர்ணா சுவரோரம் நின்றாள். காலேஜ் படிக்கும் பிள்ளை. வலது மணிக்கட்டில் மஞ்சள் சேலைக் கிழிசலால் கட்டு, சிவப்புக் கரை பளிச்சென்று தெரிந்தது.

"என்னட்டி, இன்னுமா கை சரியாகல? பழைய குற்றாலத்துல வழுக்கி விழுந்தேன்னு சொன்ன. உன்னைத் தள்ளிவிட்ட பாறையே மறந்துருக்கும்" என்றான் அய்யாக்குட்டி.

அவள் சிரிக்கவில்லை. பேராச்சிதான் பதில் சொன்னாள். "நான்தான் தெனம் பத்துப் போட்டுக் கட்டுதேன். கல்யாணமாகி மொதல்ல எடுத்த சேல, கிழிச்சுக் கிழிச்சு முக்கால்வாசி தீந்துபோச்சு."

"அக்கா" என்றாள் அபர்ணா மெதுவாக, லோகநாயகியைப் பார்த்து. "முழுச் சுருளுமா கோர்ட்டுக்குப் போகணும்? அந்த ஒரு படம் மட்டும் போனாப் பத்தாதா?"

"பிலிம் என்ன கொய்யாப்பழமா, வேணுங்கறத மட்டும் பொறுக்கி எடுக்க? முழுக் கூடையும் வந்தாத்தான் அழுகினது எங்கன இருக்குன்னு தெரியும்" என்றான் அய்யாக்குட்டி. பிறகு பேராச்சி பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்தான். "இந்த ஆடி முடியதுக்குள்ள உம் புருசன உங் கடை முன்னால கொண்டாந்து நிறுத்துதேன். இது அய்யாக்குட்டி வாக்கு."

லோகநாயகி நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். வாக்குக் கொடுப்பது இந்த அலுவலகத்தில் வழக்கமில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். பேராச்சி கும்பிட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கடை திறக்கக் குற்றாலம் பஸ்ஸுக்கு ஓடினாள்.

"அய்யாக்குட்டி, இந்தப் படத்துல என்ன நிறம் தெரியுது?"

அவன் எட்டிப் பார்த்தான். "பச்சை. சுவரு பச்சை, அவரு வெள்ளைச் சட்டை பச்சை, வழுக்கைத் தலை பச்சை, திரையில கொட்டுத தண்ணி கூடப் பச்சையடிக்கு. கீரைக் கடைக்குள்ள உக்காந்து எடுத்துருப்பாரோ?"

"அதுதான் எனக்கும் உறுத்துது. எந்த எடத்துல உறுத்துதுன்னுதான் பிடிபடல. வண்டிய எடு. கேமராவுக்குச் சொந்தக்காரனப் பாப்போம்."

*

மேலகரம் தாண்டும்போது சாரல் பிடித்துக்கொண்டது. சாலையோரம் டீக்கடைக்கு எதிரே நமசிவாயத்தின் கண்ணீர் அஞ்சலித் தட்டி காற்றில் ஒரு பக்கம் அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது. படத்தில் அவர் சிரித்தபடி இருந்தார். யாரோ கல்யாண வீட்டில் எடுத்ததாக இருக்க வேண்டும். அய்யாக்குட்டி மொபெட்டை நிறுத்தி இறங்கி, அவிழ்ந்த கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு ஏறினான்.

"அந்தாளு டீ குடிச்சிருக்கேன் அக்கா. பஸ் கெளம்பிரும்னு ஆத்தாமக் குடிச்சா, 'சுட்டுக்கிட்டுக் குடிக்காதலே, பஸ்ஸு போனா அடுத்தது வரும், நாக்கு போனா வராது'ன்னு திட்டுவாரு. ஓட்டினவன் அந்த மழையில ஒரு நிமிசம் நின்னுருந்தா மனுசன் பொழைச்சிருப்பாரு."

*

கேமராவின் சொந்தக்காரன் ஆசிப்புக்கு ஐந்தருவிச் சாலையில் ஒரு ஹோம்ஸ்டே. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். போனில் நொடிக்கு நூறு படம் எடுக்கும் வயசில், பிலிம் சுருளுக்குக் காசு செலவழித்து, மாதக்கணக்கில் காத்திருந்து படம் பார்க்கும் பைத்தியம் அவனுக்குப் பிடித்திருந்தது.

"கேமரா ஏன் மகாதேவன் வீட்டுல இருந்துச்சு?" என்று கேட்டாள் லோகநாயகி.

"இங்கன வச்சா லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிரும்க்கா. சீசன்ல தலையணையே நனைஞ்ச மாதிரி இருக்கு. சார் வீட்டுல ஈரம் புகாத பெட்டி ஒண்ணு இருக்கு. வருசா வருசம் அங்கனதான் குடுத்து வைப்பேன். இந்தத் தடவ பாதி ஓடின பிலிமோட குடுத்தேன். மிச்சத்த நான் எடுத்துக்கிடுதேன்னு சாரு கேட்டாவ. பெறவு நான்தான் சுருளக் கழட்டிச் சென்னை லேபுக்கு அனுப்பினேன். கழுவி, ஸ்கேன் பண்ணி மெயில்ல விட்டாங்க. நெகட்டிவ் இன்னும் அங்கனதான் இருக்கு."

"உம்ம வீட்டுக்கு வாரவுகளும் நனைஞ்சு பூஞ்சை பிடிச்சுப் போறாகளா?" என்று அய்யாக்குட்டி கேட்டான்.

"அய்யாக்குட்டி."

"சரிக்கா, நான் வாயில பூட்டு போட்டுக்கிடுதேன்."

ஆசிப் லேப்டாப்பைத் திறந்து படங்களை வரிசையாக ஓட்டினான். அருவி, குரங்கு, மறுபடி அருவி. ஓரிடத்தில் லோகநாயகியின் கை உயர்ந்தது. "இது எங்க?"

"சார் வீடுதான். கேமராவக் குடுக்கப் போனேம்லா, அன்னைக்கு நான் எடுத்தது. சாரு கம்ப்யூட்டர்ல செஸ் ஆடிக்கிட்டு இருந்தாவ. படம் வீணாப் போச்சு. பாருங்க, திரை எப்படி நீலம் முக்கின மாதிரி இருக்குன்னு."

அதே அறை. அதே சுவர், அதே பச்சை. ஆனால் திரை மட்டும் தனியாக, நீல நிறத்தில் மிதந்தது. செஸ் பலகையின் வெள்ளைக் கட்டங்கள் சொட்டு நீலம் போட்ட வேட்டி போல இருந்தன.

"ஏன் இப்படி?"

"பிலிம வெயிலுக்குன்னு செஞ்சுருக்காங்கக்கா. வெயில்ல எடுத்தா வெள்ளை வெள்ளையா விழும். சார் ரூம்ல பழைய சோக் வச்ச டியூப்லைட்டு. அது பிலிம்ல பச்சையடிக்கும். கம்ப்யூட்டர் திரையில வர்ர வெளிச்சம் வெயில விட நீலம். நம்ம கண்ணு எல்லாத்தையும் சரிக்கட்டிக்கிடும். பிலிமுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, உள்ளத உள்ளபடி வாங்கிக்கிடும். சார்ட்டயும் அப்பவே சொன்னேன், பிலிம்ல திரைய எடுத்தா நீலமாக் கலங்கிப் போவும், எழுத்துப் புரியாதுன்னு."

"சொன்னியா?"

"சொன்னேன். ஏன்க்கா?"

லோகநாயகி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். கோர்ட்டு நகலான அந்தப் பச்சைப் படத்தை எடுத்து, லேப்டாப்புக்குப் பக்கத்தில் சாய்த்து நிறுத்தினாள். "லைட்ட அணை."

ஆசிப் அணைத்தான். அறை இருண்டது.

"அய்யாக்குட்டி, என்ன தெரியுது?"

"லேப்டாப்பு தெரியுது."

"படம்?"

"காணல. இருட்டோட போச்சு."

"லைட்டப் போடு. அவ்வளவுதான் விசயம். திரை தன் வெளிச்சத்துல தெரியும். காகிதம் அடுத்தவன் வெளிச்சத்துல தெரியும். ரூம் வெளிச்சம் பச்சைன்னா அங்க இருக்க காகிதமும் பச்சையாத்தான் தெரியும். ஆசிப் எடுத்த படத்துல திரை நீலம். மகாதேவன் படத்துல திரை?"

அய்யாக்குட்டி வாயில் போட்ட பூட்டு தெறித்து விழுந்தது. "பச்சை! யக்கா, அது திரையே இல்ல! பேப்பர அச்சடிச்சு மானிட்டர் மேல ஒட்டிருக்காரு! ஆசிப் சொன்னதக் கேட்டு, திரையா எடுத்தா நீலமாப் போயிரும், ஜட்ஜுக்கு ஆர்ச்சு தெரியாமப் போயிரும்னு பயந்து... அடேங்கப்பா! படிச்ச மனுசன் மூளையே மூளை! கம்ப்யூட்டருக்குச் சட்டை போட்டு விட்டுருக்காரு பாருங்க!"

சிரித்துக்கொண்டே போனை எடுத்தவன், லோகநாயகி "இருலே" என்று சொல்வதற்குள் பேராச்சியைக் கூப்பிட்டுவிட்டான். "பேராச்சி! உம் புருசன் வெளிய வந்தாச்சுன்னு வச்சுக்கோ. படம் பொய்! கையும் களவுமாப் பிடிச்சாச்சு. ஐந்தருவி ரோட்டுல ஆசிப் வீட்டுக்கு வா, கண்ணால பாரு. கடைய அடைச்சிட்டு ஆட்டோவுல வா!" மறுபக்கம் அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. அவனுக்கே கண் கலங்கிவிட்டது. கொடுத்த வாக்கு ஆடி முடியுமுன்னே நிறைவேறப் போகிறதே!

"உனக்கு என்னலே அவசரம்?" என்றாள் லோகநாயகி. அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இவ்வளவு பெரிய காகிதத்தச் சுருக்கமில்லாம ஒத்த ஆளு ஒட்டியிருப்பாரா? டைமர்ல எடுத்தேன்னு சொன்னதும் பொய்தான். கூட ஆள் இருந்துருக்கு. ஆசிப், இதுக்கு முந்தின படம் என்ன?"

"அது வேஸ்ட்டுக்கா. கை மறைச்சிருக்கு. ஃபோகஸ் பாக்குறப்ப தெரியாம அமுக்கிருப்பாவ. போன்னா அங்கனயே அழிச்சிருப்பாவ. பிலிம்ல அமுக்கினா அமுக்கினதுதான். சாரு அந்த ஒரு படத்த மட்டும்தான் கேட்டாவ, அதனால நான் இத அனுப்பல."

"காட்டு."

படம் திறந்தது. பச்சைச் சுவர். மானிட்டர் மேல் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு காகிதம், அதில் பாதி அருவி. இடது பக்கத்திலிருந்து ஒரு கை அதை அழுத்திப் பிடித்திருந்தது. தடித்த முன்கை. அதில் பச்சை குத்திய எழுத்து, கொஞ்சம் கலங்கலாக, ஆனாலும் படிக்க முடிந்தது. பேராச்சி.

அய்யாக்குட்டி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். "சங்கரபாண்டி... இவனா? தன்ன ஜெயிலுக்கு அனுப்புத படத்த இவனே ஒட்டுதானா? காசுக்கு ஒத்துக்கிட்டானா அக்கா?"

"வலது பக்கம் பாரு" என்றாள் லோகநாயகி. அவள் குரல் கீழே இறங்கிவிட்டது.

வலது பக்க மூலையை இன்னொரு கை பிடித்திருந்தது. ஒல்லிக் கை. மணிக்கட்டில் மஞ்சள் துணிக் கட்டு. சிவப்புக் கரை.

முழுச் சுருளுமா போகணும், அந்த ஒரு படம் மட்டும் பத்தாதா? காலையில் கேட்ட அந்தக் கேள்வி இப்போதுதான் அய்யாக்குட்டியின் காதில் விழுந்தது. கொய்யாப்பழம் என்று தான் அடித்த ஜோக்கும் கூடவே விழுந்தது. சின்ன உருவம். வழுக்கி விழுந்த கை. அவன் பக்கத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்தான்.

"அந்தப் பிள்ளையா அக்கா?"

"வேற யாருக்காக ஒரு மனுசன் தானே போயி ஜெயில்ல உக்காருவான்? மகாதேவன் மாட்டிட்டாருன்னா, அவரு நான் ஓட்டலன்னு சொல்லுவாரு. அப்ப யாரு ஓட்டினான்னு போலீஸ் தோண்டும். அதனால மொதல்ல அவர வெளிய எடுத்துருக்காங்க. பெறவுதான் சங்கரபாண்டி சொன்னது நிக்கும். நானும் உன்ன மாதிரி இன்ஜினியரையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். கட்டுப் போட்ட கை எம் மேசைக்கு முன்னாலயே நின்னுச்சு."

ஆசிப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, இத டெலிட் பண்ணிரட்டா? நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"நெகட்டிவ்?"

ஆசிப் போனைப் பார்த்தான். அதை அப்படியே நீட்டினான். லேபிலிருந்து மெசேஜ். கோர்ட் உத்தரவு மெயிலில் கிடைத்துவிட்டது, முழுச் சுருளையும் வெட்டாமல் சீல் வைத்துக் கோர்ட்டுக்குக் கூரியரில் கொடுத்தாயிற்று.

முழுச் சுருள் வேண்டும், வெட்டக் கூடாது என்று மனுவில் எழுதச் சொன்னது லோகநாயகி. எழுதிய தாளில் பேராச்சிதான் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அய்யாக்குட்டி பேனா மூடியைத் திறந்து கொடுத்தான்.

அவன் பேராச்சியின் நம்பரை அழுத்தினான். எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினான். மணி வாசலில் ஒலித்தது. ஆட்டோவிலிருந்து அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

*

கையில் ஒரு பை நிறைய ரம்புத்தான். சேலை நனைந்திருந்தது. "எங்க அண்ணாச்சி? காட்டுங்க அந்தப் படத்த. கடையில நல்லதாப் பொறுக்கிட்டு வந்துருக்கேன், எல்லாரும் எடுத்துக்கிடுங்க."

"பேராச்சி, முதல்ல உக்காரு" என்றாள் லோகநாயகி, லேப்டாப்பை மறைத்து நின்று.

"நின்னே பாத்துக்கிடுதேன் அக்கா."

பின்னால் வந்த அபர்ணா வாசலைத் தாண்டவில்லை. லோகநாயகியின் தோளுக்கு மேலே திரையின் ஒரு ஓரம் அவளுக்குத் தெரிந்தது போலிருக்கிறது. "அம்மா, வா போவம். பாக்க வேண்டாம். வாம்மா."

"ஏட்டி, உங்கப்பா வெளிய வரப் போறாரு, நீ என்ன இழுக்க?" பேராச்சி லோகநாயகியை மெல்ல விலக்கிவிட்டுக் குனிந்தாள். அய்யாக்குட்டி ஒரு அடி முன்னால் வைத்தான். எதைச் சொல்லித் தடுப்பது?

"இது அவரு கைல்லா!" பேராச்சியின் முகம் மலர்ந்தது. பச்சை குத்திய எழுத்தை ஈர விரலால் திரையின் மேல் தடவினாள். "எம் பேரு. திருவிழாவுல வலிக்க வலிக்கக் குத்துனாரு." விரல் அப்படியே காகிதத்தின் விளிம்போடு வலது பக்கம் போயிற்று. அங்கே நின்றது.

அவள் திரும்பிப் போய் அபர்ணாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்தாள். திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே கரை. அதைக் கிழித்தவளுக்குத் தெரியாதா?

"அப்பா கூடையத் தூக்க வந்தப்ப சாவிய எங்கிட்டக் குடுத்தாங்கம்மா" என்றாள் அபர்ணா. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "வெள்ளத்துல வண்டி போயிரக் கூடாது, மெதுவா சார் வீட்டுல கொண்டு விட்டுருன்னு. நான்தான் அப்பாட்ட ஓட்டப் படிச்சிக்கிட்டு இருந்தேம்லா. மேலகரத்துல மழையில ஒண்ணும் தெரியல. சத்தம் கேட்டுச்சு. நான் நிறுத்தல. பயந்துட்டேம்மா, நிறுத்தல. சாரு அப்ப வீட்டுலதான் இருந்தாங்க, நெசமாவே அருவியப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க அன்னைக்குக் கம்ப்யூட்டர்ல பிடிச்சு வச்ச படத்தத்தான் அச்சடிச்சோம். அப்பா காலப் பிடிச்சதாலதான் சாரு ஒத்துக்கிட்டாங்க."

படம் பொய். படம் சொன்னது நிஜம். இப்படி ஒரு வழக்கை அய்யாக்குட்டி கேள்விப்பட்டதே இல்லை.

பேராச்சி மகளை அடிக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. கட்டுப் போட்ட அந்தக் கையை மட்டும் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் கைக்கா நான் மண்ணள்ளித் தூத்துனேன்?" என்றாள். "விளங்காமப் போகணும்னு இந்தக் கைக்கா? பத்துப் போட்டும் ஆறலையேன்னு தெனமும் கேட்டேனேட்டி, நீ ஒரு வார்த்த சொல்லலையே."

வெளியே ஆட்டோக்காரர் வாடகைக்காக ஹாரன் அடித்தார். ஆசிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். ரம்புத்தான் பை சாய்ந்து பழங்கள் தரையில் உருண்டிருந்தன. யாரும் பொறுக்கவில்லை.

"அக்கா, அந்தப் பிலிமு..."

"கிளம்பிட்டு பேராச்சி" என்றாள் லோகநாயகி. "எத்தன பொய்யப் பிடிச்சிருக்கேன், இப்படி ஒண்ணப் பிடிச்சதே இல்ல. நமசிவாயம் பொண்டாட்டியும் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கா. அவகிட்ட நான் என்ன சொல்ல? உங்கிட்ட என்ன சொல்ல? எனக்குத் தெரியலம்மா."

பேராச்சி அய்யாக்குட்டியைப் பார்த்தாள். வேறு யாரைப் பார்ப்பாள்? வாக்குக் கொடுத்தவன் அவன்தானே.

"அண்ணாச்சி, அந்தக் காலத்துல உங்க பஸ்ல நான் கூடையோட ஓடி வந்தா, ஒரு விசிலடிச்சு நிறுத்துவீங்களே. எவ்வளவு வேகமாப் போனாலும் நின்னுருமே. அது மாதிரி அந்தக் கூரியர நிறுத்திருங்க அண்ணாச்சி. அவரு உள்ளயே இருக்கட்டும். அவரு பொறுத்துக்கிடுவாரு. நான் வேற ஒண்ணும் கேக்கல."

அவன் தலையை ஆட்டினான். ஆமென்றா, இல்லையென்றா, அவனுக்கே தெரியவில்லை. பொய்யாகவாவது சரி என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தான். அதுவும் முடியவில்லை. குனிந்து தரையில் கிடந்த ரம்புத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட ஆரம்பித்தான்.

மேசை மேல் ஆசிப்பின் போன் மறுபடி அதிர்ந்தது. ஆசிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான்.

"என்ன வந்துருக்கு?" என்று கேட்டாள் பேராச்சி.

"பார்சலு" என்றான் ஆசிப். "சென்னைய விட்டுப் புறப்பட்டுட்டாம்."